பாகங்கள் எல்லாம் சரி. மோதல் ஏன் நடந்தது?

2017ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் தேதி. காலை எட்டு மணி தாண்டிச் சில நிமிடங்கள். சிங்கப்பூரின் ஜூ கூன் நிலையத்தில் ஓர் எம்ஆர்டி இரயில் நின்றுகொண்டிருந்தது. இரண்டாவது பாலத்தைக் கடந்து துவாஸ் பக்கம் வேலைக்குச் செல்லும் ஜொகூர்வாசிகள் பலருக்குத் தெரிந்த நிலையம்தான் அது. பின்னால் வந்த இன்னோர் இரயில், முன்னால் நின்ற இரயிலுக்குச் சுமார் 10 மீட்டர் இடைவெளி விட்டு ஒழுங்காக நின்றது. சிறிது நேரம் கழிந்தது. பிறகு யாரும் எதிர்பாராத வகையில் அந்த இரண்டாவது இரயில் நகர்ந்து சென்று, முன்னால் நின்ற இரயிலின் மீது மோதியது. முப்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர்.

பிரேக் அறுந்ததால் வந்த விபத்து அல்ல இது. தண்டவாளம் விலகவும் இல்லை. அப்படியானால் கோளாறு எங்கே இருந்தது? பாகங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இடத்தில் இருந்தது.

இன்று ஜொகூர் பாருவின் புக்கிட் சாகாரையும் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்தையும் இணைக்கும் ஆர்டிஎஸ் இரயிலைப் பற்றி வீட்டுக்கு வீடு பேசுகிறார்கள். நேரம் மிச்சமாகும், நெரிசல் குறையும் என்பது எல்லாருடைய எதிர்பார்ப்பு. ஆனால் பல நாடுகளில் செய்த பாகங்களை ஒன்றாக இணைத்து ஓட்டும் ஓர் ஏற்பாடு பாதுகாப்பானது என்பதை எப்படி உறுதி செய்வது? கணினி அறிவியலில் இதற்கென்றே ஒரு துறை வளர்ந்திருக்கிறது. 'ஒப்பந்த அடிப்படையிலான பகுதிவாரிச் சரிபார்ப்பு' என்று அதைச் சொல்லலாம். பெயர் நீளமாக இருந்தாலும் உள்ளே இருக்கும் கருத்து எளிமையானது.

எல்லைக்கோட்டில் வந்த கோளாறு

முதலில் ஜூ கூனில் என்ன நடந்தது என்று பார்ப்போம். அந்தக் காலகட்டத்தில் சிங்கப்பூரின் கிழக்கு மேற்கு இரயில் தடம், பழைய சிக்னல் முறையிலிருந்து புதிய சிக்னல் முறைக்கு மாறிக்கொண்டிருந்தது. 2017 ஜூன் மாதம் திறக்கப்பட்ட துவாஸ் நீட்டிப்புப் பகுதியில் புதிய முறை. மற்ற இடங்களில் பழைய முறை. இரண்டும் சந்திக்கும் எல்லைக்கோடு ஜூ கூன்.

புதிய முறையில் ஒவ்வோர் இரயிலைச் சுற்றியும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பாதுகாப்பு வளையத்தை மென்பொருள் வரைந்து வைக்கும். வேறு இரயில் அந்த வளையத்திற்குள் நுழையாது. ஆனால் அன்று காலை முதல் இரயில், வழியில் பழுதுபட்ட ஒரு சிக்னல் சுற்றைக் கடந்தபோது அந்த வளையம் நீங்கிவிட்டது. அது நீங்கியது யாருக்கும் தெரியவில்லை. பின்னால் வந்த இரயிலுக்கு முன்னே தடை எதுவும் இல்லை என்றே கணக்கானது.

இங்கே ஒன்றைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். 'முன்னால் இரயில் இல்லை' என்பது ஒரு செய்தி. 'முன்னால் இரயில் இருக்கிறதா என்று தெரியவில்லை' என்பது முற்றிலும் வேறு செய்தி. இரண்டாவதை முதலாவதாக எடுத்துக்கொண்டால் விபத்துதான். பழைய கருவி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது, அது பழுதானால் புதிய மென்பொருள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதெல்லாம் இரண்டு தரப்புக்கும் இடையில் தீர்த்துவைக்க வேண்டிய விவகாரம். அந்த இடைவெளியில்தான் விபத்து நுழைந்தது.

விபத்துக்குப் பின் அதிகாரிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஜூ கூனுக்கும் அடுத்த நிலையமான கல் சர்க்கிளுக்கும் இடையிலான இரயில் சேவையைத் துண்டித்தார்கள். பழைய முறையும் புதிய முறையும் ஒரே தடத்தில் சந்திக்காதபடி பிரித்துவைத்தார்கள். 2018 மே மாதம் முழுத் தடமும் புதிய முறைக்கு மாறிய பிறகே அந்த இணைப்பு மீண்டும் திறக்கப்பட்டது.

எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்துவிட்டால் போதாதா?

நியாயமான கேள்விதான். ஓட்டிப் பார்த்துச் சோதிப்பது கட்டாயம் வேண்டும். ஆனால் அது மட்டும் போதாது. காரணம், எண்ணிக்கை.

ஓர் ஏற்பாட்டில் 10 பாகங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பாகமும் பத்து வித நிலைகளில் இருக்கலாம். கதவு திறந்திருக்கலாம், மூடியிருக்கலாம், பாதியில் சிக்கியிருக்கலாம் என்பதுபோல. அப்படியானால் மொத்தம் எத்தனை சேர்க்கைகள்? பத்தைப் பத்து முறை பெருக்க வேண்டும். ஆயிரம் கோடி வரும். விநாடிக்குப் பத்து இலட்சம் சேர்க்கைகளைப் பார்க்கும் கணினிக்கு இது மூன்று மணி நேரத்திற்கும் குறைவான வேலை.

பாகங்களை 20 ஆக்கிப் பாருங்கள். அதே கணினி அதே வேகத்தில் எல்லாச் சேர்க்கைகளையும் பார்த்து முடிக்க 30 இலட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும்! பாகங்கள் இரண்டு மடங்கு ஆனதும் வேலை ஆயிரம் கோடி மடங்கு ஆகிவிடுகிறது. உண்மையான இரயில் ஏற்பாட்டில் இருபது பாகங்கள் அல்ல, ஆயிரக்கணக்கில் இருக்கும்.

கணினியைக் கொண்டு எல்லா நிலைகளையும் தேடிப் பார்க்கும் முறையை 1980களின் தொடக்கத்தில் எட்மண்ட் கிளார்க், ஆலன் எமர்சன், ஜோசப் சிஃபாகிஸ் ஆகியோர் உருவாக்கினார்கள். அதற்காக 2007ஆம் ஆண்டின் டூரிங் விருது அவர்களுக்கு வழங்கப்பட்டது. கணினித் துறையின் நோபல் பரிசு என்று சொல்லப்படும் விருது அது. அவ்வளவு பெரிய கண்டுபிடிப்புக்கும் இந்த எண்ணிக்கைப் பெருக்கம் இன்றுவரை தலைவலிதான். ஆகவே முழுவதையும் ஒரே மூச்சில் விழுங்கப் பார்க்காமல், பகுதி பகுதியாகச் சரிபார்க்கும் வழியை அறிஞர்கள் தேடினார்கள்.

வீட்டுச் சுவரில் ஓர் ஒப்பந்தம்

ஒப்பந்தம் என்றதும் வழக்கறிஞரும் முத்திரையும் கையொப்பமும் நினைவுக்கு வரும். இங்கே சொல்லப்படும் ஒப்பந்தம் அதுவல்ல. நம் வீட்டுச் சுவரிலேயே அது இருக்கிறது.

மின்சார பிளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் வழங்கும் நிறுவனத்திற்கு நீங்கள் ரைஸ் குக்கரை மாட்டப் போகிறீர்களா, இஸ்திரிப் பெட்டியை மாட்டப் போகிறீர்களா என்பது தெரியாது. எங்கோ ஒரு தொழிற்சாலையில் ரைஸ் குக்கரைச் செய்தவருக்கு உங்கள் வீடு ஸ்கூடாயிலா, குளுவாங்கிலா என்பது தெரியாது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. ஆனாலும் மாட்டியவுடன் சோறு வேகிறது. எப்படி?

சுவர் ஓர் உத்தரவாதம் தருகிறது: சுமார் 230 வோல்ட் மின்சாரம் கிடைக்கும். அதற்கு ஓர் எதிர்பார்ப்பும் இருக்கிறது: 13 ஆம்பியருக்கு மேல் இழுக்கக் கூடாது. ரைஸ் குக்கரின் கணக்கு இதற்கு நேர் எதிர்: 230 வோல்ட் வரும் என்பது அதன் எதிர்பார்ப்பு, 13 ஆம்பியருக்கு மேல் இழுக்க மாட்டேன் என்பது அதன் உத்தரவாதம். ஒன்றின் உத்தரவாதம் மற்றொன்றின் எதிர்பார்ப்பை நிறைவேற்றுகிறது. ஒப்பந்தம் என்பது இந்த இரண்டும் சேர்ந்ததுதான்.

இனி, அமெரிக்காவிலிருந்து உறவினர் ஒருவர் 120 வோல்ட் கருவியை வாங்கிவந்து தருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையில் விற்கும் ஒரு சாதாரண மாற்று பிளக்கைப் போட்டால் அது நம் வீட்டுச் சுவரில் அழகாகப் பொருந்திவிடும். சுவிட்சைப் போட்டால் கருகிவிடும். வடிவம் பொருந்தியது, ஒப்பந்தம் பொருந்தவில்லை. பெரிய பெரிய ஏற்பாடுகளில் வரும் கோளாறுகள் பலவும் இந்த வகைதான்.

கதவும் இரயிலும்

இதே கருத்தை இரயிலுக்குக் கொண்டுபோவோம். நடைமேடையில் கண்ணாடிக் கதவுகள் இருக்கின்றன. நிறைவேற வேண்டிய முழு நோக்கம் ஒன்றுதான்: கதவு திறந்திருக்கும்போது இரயில் நகரக் கூடாது. கதவு ஒரு நிறுவனத்தின் தயாரிப்பு. இரயில் இன்னொரு நிறுவனத்தின் தயாரிப்பு. எப்படிச் சரிபார்ப்பது?

இரயில் சொல்கிறது: "முழுதாக நின்ற பிறகுதான் 'நின்றுவிட்டேன்' என்று செய்தி அனுப்புவேன். 'பூட்டியாயிற்று' என்ற செய்தி வராமல் நகர மாட்டேன். அந்தச் செய்தி வந்தால் அது உண்மையாக இருக்க வேண்டும்."

கதவு சொல்கிறது: "'நின்றுவிட்டேன்' என்ற செய்தி வராமல் திறக்க மாட்டேன். உண்மையிலேயே பூட்டிய பிறகுதான் 'பூட்டியாயிற்று' என்று சொல்வேன். நான் திறந்திருக்கும்வரை இரயில் அசையக் கூடாது."

இனிச் சரிபார்க்கும் வேலை மூன்று படிகளாகப் பிரிகிறது. முதலாவது, இரயில் தன் வாக்கைக் காப்பாற்றுகிறதா என்று இரயிலை மட்டும் தனியாகப் பார்ப்பது. கதவையும் அதேபோல் தனியாகப் பார்ப்பது. இரண்டாவது, ஒருவரின் எதிர்பார்ப்பு மற்றவரின் உத்தரவாதத்தில் அடங்குகிறதா என்று இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. மூன்றாவது, இரண்டு உத்தரவாதங்களும் சேர்ந்தால் முழு நோக்கம் நிறைவேறுகிறதா என்று பார்ப்பது.

இதனால் என்ன இலாபம்? முன்பு சொன்ன 20 பாகங்களின் கணக்கை மீண்டும் எடுங்கள். ஒவ்வொன்றையும் அதன் ஒப்பந்தத்தோடு தனித்தனியே பார்த்தால் 20 பெருக்கல் 10, ஆக 200 நிலைகள். அதோடு ஒப்பந்தங்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்ற சோதனை. 30 இலட்சம் ஆண்டு வேலை, மனிதரால் செய்து முடிக்கக்கூடிய வேலையாக மாறிவிடுகிறது.

இன்னொரு நன்மையும் உண்டு. ஒப்பந்தத்தை எழுத உட்கார்ந்தால்தான் சங்கடமான கேள்விகள் வெளிவரும். கம்பி அறுந்து செய்தியே வராவிட்டால் என்ன செய்வது? மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வதா, ஆபத்து என்று எடுத்துக்கொள்வதா? இரயில் பாதுகாப்பில் மௌனத்திற்கு 'ஆபத்து' என்றே பொருள் கொள்ள வேண்டும். ஜூ கூனில் பட்டுத் தெரிந்துகொண்ட பாடமும் அதுவே.

பாகத்தை மாற்றும்போது

பத்து ஆண்டு கழித்துக் கதவை மட்டும் மாற்ற வேண்டி வரலாம். மென்பொருளின் புதிய பதிப்பு வரலாம். அப்போது எல்லாவற்றையும் முதலிலிருந்து சரிபார்க்க வேண்டுமா? வேண்டாம். அதற்கு ஒரு விதி இருக்கிறது: புதிதாக வரும் பாகம், பழையதைவிட அதிகமாக எதையும் எதிர்பார்க்கக் கூடாது, பழையதைவிடக் குறைவாக எதையும் உத்தரவாதம் தரக் கூடாது. அவ்வளவுதான். புதிய சமையல்காரர் பழையவரைவிடக் கூடுதல் அடுப்பு கேட்காமல், பழையவரின் ருசிக்குக் குறையாமல் சமைத்தால் விருந்தாளிக்கு ஆள் மாறியதே தெரியாது.

இந்த விதியை மறந்ததன் விலையை உலகம் 1996 ஜூன் 4ஆம் தேதி பார்த்தது. ஐரோப்பாவின் ஏரியன் 5 விண்கலம் தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலிருந்து முதல் முறையாகக் கிளம்பியது. புறப்பட்டு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. திசை மாறி உடைந்து சிதறியது. அதிலிருந்த நான்கு ஆய்வுத் துணைக்கோள்களும் போயின.

காரணம், திசையையும் வேகத்தையும் அளந்து சொல்லும் பாகத்தின் மென்பொருள். முந்திய ஏரியன் 4இல் பழுதின்றி உழைத்த மென்பொருள்தான் அது. அதனால் அதையே எடுத்து ஏரியன் 5இலும் வைத்தார்கள். பக்கவாட்டு வேகத்தோடு தொடர்புடைய ஓர் எண்ணை அது 16 பிட் இடத்தில் அடைத்து வைத்தது. அந்த இடத்தில் 32,767க்கு மேற்பட்ட எண் அடங்காது. ஏரியன் 4இன் வேகத்திற்கு அது போதுமானது. ஏரியன் 5 வேறு பாதையில் பறந்தது. பக்கவாட்டு வேகம் மிக விரைவாக ஏறியது. எண் அடங்கவில்லை, மென்பொருள் நின்றுவிட்டது. துணைக்கு வைத்திருந்த இரண்டாவது கருவியிலும் அதே மென்பொருள். அதுவும் அதே காரணத்தால் நின்றுவிட்டது.

மென்பொருளில் முன்பு இல்லாத பிழை ஒன்று புதிதாக முளைக்கவில்லை. 'இந்த அளவுக்கு மேல் எண் வராது' என்ற எதிர்பார்ப்பு அதற்குள் ஒளிந்திருந்தது. புதிய விண்கலம் அந்த வாக்கைத் தர முடியாத கலம். இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். ஆனால் பார்ப்பதற்குத் தாளே இல்லை. மறுஆண்டே, நிரல்களை ஒப்பந்தத்தோடு எழுத வேண்டும் என்று வலியுறுத்திவந்த பெர்ட்ராண்ட் மேயர் என்ற அறிஞர், சக ஆய்வாளர் ஒருவரோடு சேர்ந்து இந்த விபத்தைச் சான்றாகக் காட்டிக் கட்டுரை எழுதினார்.

கல்யாணமும் பைத்தியமும்

கூர்ந்து படித்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். கதவு ஒழுங்காக நடந்தால் இரயில் ஒழுங்காக நடக்கும். இரயில் ஒழுங்காக நடந்தால் கதவு ஒழுங்காக நடக்கும். இது, கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்ற கதையாக இருக்கிறதே!

உண்மைதான். கவனமில்லாமல் செய்தால் இந்த வாதம் வட்டமடிக்கும். அதை அவிழ்த்தவர்களுள் இரண்டு இந்தியர்கள் முக்கியமானவர்கள். ஒருவர் கான்பூர் ஐஐடியில் படித்த ஜயதேவ் மிஸ்ரா. மற்றொருவர் கேரளத்தில் பிறந்து சென்னை ஐஐடியில் 1965ஆம் ஆண்டு பட்டம் பெற்ற மணி சாண்டி. இருவரும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பேராசிரியர்களாகப் பணியாற்றியவர்கள். 1981ஆம் ஆண்டு அவர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரை இந்தத் துறையின் அடித்தளங்களுள் ஒன்று. ஏறக்குறைய அதே காலத்தில் இங்கிலாந்தில் கிளிஃப் ஜோன்சும் இதே திசையில் உழைத்தார். இவர்கள் எல்லாருக்கும் முன்னோடி, 1969ஆம் ஆண்டு நிரல்களைத் தருக்க முறைப்படி நிரூபிக்க வழிகாட்டிய டோனி ஹோர்.

அவர்கள் கண்ட தீர்வு காலத்தைப் படிகளாக்குவது. 'நீ எப்போதும் ஒழுங்காக இருந்தால் நானும் எப்போதும் ஒழுங்காக இருப்பேன்' என்று சொன்னால் வட்டம். 'இந்த நொடி வரை நீ ஒழுங்காக இருந்திருந்தால், அடுத்த நொடியும் நான் ஒழுங்காக இருப்பேன்' என்று சொன்னால் அது படிக்கட்டு. இருவரும் இப்படி வாக்குக் கொடுத்து, முதல் படியில் இருவரும் ஒழுங்காக இருக்கிறார்கள் என்பதையும் காட்டிவிட்டால், எத்தனை படி ஏறினாலும் யாரும் தவற முடியாது. பள்ளியில் கணிதத் தொகுத்தறிதல் படித்த மாணவர்களுக்கு இது பழகிய வழிதான்.

ஏட்டில் மட்டும் இருக்கும் சங்கதியா இது?

இல்லை. பாரிஸ் நகரின் 14ஆம் மெட்ரோ தடம் 1998ஆம் ஆண்டு அக்டோபரில் திறக்கப்பட்டது. ஓட்டுநர் இல்லாமல் ஓடும் இரயில். அதன் பாதுகாப்பு மென்பொருளை 'பி' முறை என்ற கணித முறையில் எழுதினார்கள். அந்த முறையில் ஒவ்வொரு பகுதியும் தன் எதிர்பார்ப்பையும் தான் என்றும் மீறாத விதியையும் முதலில் எழுதிக் காட்ட வேண்டும். பிறகு நிரல் அதற்கு உட்பட்டது என்று கணிதமாக நிரூபிக்க வேண்டும். சுமார் 86,000 வரி நிரல் இப்படி உருவானது. நிரூபித்து முடித்த பிறகு நடந்த சோதனைகளில் அந்தப் பகுதியில் பிழை எதுவும் கிடைக்கவில்லை என்பது கணினித் துறையில் பெரிதாகப் பேசப்பட்டது. இரயில் மென்பொருளுக்கான ஐரோப்பியத் தர விதிமுறையின் 2011ஆம் ஆண்டுப் பதிப்பும், உயிர்ப் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட மிக உயர்ந்த நிலைகளுக்கு இத்தகைய கணித முறைகளை வலியுறுத்திப் பரிந்துரைத்தது.

நீரிணையின் நடுவில் சந்திக்கும்போது

இனி நம் ஆர்டிஎஸ் தடத்திற்கு வருவோம். 2020 ஜூலை 30ஆம் தேதி மலேசியாவும் சிங்கப்பூரும் இத்திட்டத்தை மீண்டும் தொடங்கக் கையொப்பமிட்டன. நீளம் சுமார் 4 கிலோமீட்டர். நிலையங்கள் இரண்டே இரண்டு. ஒரு மணி நேரத்தில் ஒரு திசையில் 10,000 பயணிகள் வரை செல்லலாம். 2026 இறுதியில் சேவை தொடங்க வேண்டும் என்பது அன்று குறித்த இலக்கு. மலேசியப் பகுதியின் கட்டுமானம் எம்ஆர்டி கார்ப் பொறுப்பில். சிங்கப்பூர்ப் பகுதி அந்நாட்டின் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பொறுப்பில். இரயிலை இயக்குவது பிரசரானாவும் எஸ்எம்ஆர்டியும் சேர்ந்து அமைத்த கூட்டு நிறுவனம். இரயில் பெட்டிகள் சீனாவின் சிஆர்ஆர்சி தயாரிப்பு. பணிமனை ஜொகூர் பாருவின் வாடி ஹானாவில்.

எத்தனை கைகள் பாருங்கள்! ஒவ்வொரு கையும் தேர்ந்த கைதான். ஆனால் பயணியின் உயிர், கைகள் கோத்துக்கொள்ளும் இடத்தில் இருக்கிறது.

2024 ஜனவரி 11ஆம் தேதி ஜொகூர் நீரிணையின் மேலே இரு நாட்டுப் பாலப் பகுதிகளும் இணைந்ததை இரண்டு பிரதமர்களும் நேரில் சென்று பார்த்தார்கள். இரண்டு கரைகளிலிருந்து கட்டிவரும் பாலம் நடுவில் அச்சாகப் பொருந்துவது தற்செயலாக நடப்பதல்ல. ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் இடையில் லாஃபன்பர்க் என்ற இடத்தில் ரைன் ஆற்றின் மேல் கட்டிய பாலத்தின் கதையைக் கேட்டால் இது புரியும்.

ஜெர்மனி உயரத்தை வட கடலின் மட்டத்திலிருந்து அளக்கிறது. சுவிட்சர்லாந்து மத்தியதரைக் கடலின் மட்டத்திலிருந்து அளக்கிறது. இரண்டுக்கும் 27 சென்டிமீட்டர் வித்தியாசம். இது பொறியாளர்களுக்கு முன்பே தெரியும், கணக்கிலும் சேர்த்தார்கள். ஆனால் கூட்ட வேண்டிய இடத்தில் கழித்துவிட்டார்கள்! 2003ஆம் ஆண்டு கட்டுமானத்தின்போது பார்த்தால் இரு பக்கத்துக்கும் 54 சென்டிமீட்டர் வேறுபாடு. ஒரு பக்கத்தைத் திருத்திக் கட்ட வேண்டியதாயிற்று. ஒப்பந்தம் இருந்தால் மட்டும் போதாது, இரு தரப்பும் அதை ஒரே பொருளில் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பாலத்தில் 54 சென்டிமீட்டர் வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்துவிடலாம். மென்பொருளில் அப்படிப் பார்க்க முடியாது. அங்கே வித்தியாசம், அது வெளிப்படும் நாள்வரை ஒளிந்தே இருக்கும். அதனால்தான் மென்பொருள் ஒப்பந்தங்களைத் தமிழிலோ மலாயிலோ ஆங்கிலத்திலோ வாக்கியங்களாக எழுதினால் போதாது, கணினியே படித்துச் சரிபார்க்கக்கூடிய கணிதக் குறியீட்டில் எழுத வேண்டும் என்று இத்துறை அறிஞர்கள் வற்புறுத்துகிறார்கள். வாக்கியத்தை இரண்டு விதமாகப் படிக்கலாம். சமன்பாட்டுக்கு ஒரே பொருள்தான்.

இது எங்கே கைகொடுக்காது?

எந்த மருந்தும் எல்லா நோய்க்கும் ஆகாது. ஒப்பந்தத்தில் எழுதாததை ஒப்பந்தம் காப்பாற்றாது. தவறான நோக்கத்தை எழுதினால், அந்தத் தவறான நோக்கம் சரியாக நிறைவேறும்.

மனிதர் குறுக்கிடும் இடம் இன்னும் கடினமானது. 2021 மே 24ஆம் தேதி இரவு கோலாலம்பூரின் கிளானா ஜெயா எல்ஆர்டி தடத்தில், கேஎல்சிசி அருகே இரண்டு இரயில்கள் மோதிக்கொண்டன. இருநூறுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். தானாக ஓடும் தடம்தான் அது. ஆனால் மோதிய இரயில்களில் ஒன்று, பயணிகள் இல்லாமல் ஓட்டுநரால் இயக்கப்பட்டது. அது தவறான திசையில் சென்றது என்றும், மனிதத் தவறே காரணம் என்றும் விசாரணையில் தெரிவிக்கப்பட்டது.

ஒப்பந்தக் கண்ணோடு பார்த்தால் இதில் ஒரு பாடம் உண்டு. தானியங்கி முறையில் ஓடும்போது கணினி தந்த உத்தரவாதம், ஓட்டுநர் கைக்கு மாறிய நொடியில் மனிதரின் உத்தரவாதமாகிறது. தடம் ஒன்றுதான், பாகம் மாறிவிட்டது. கணினியின் இடத்தில் மனிதர் வந்து உட்காரும்போது, குறைவான உத்தரவாதம் தரும் பாகம் ஒன்று உள்ளே வருகிறது. பாகத்தை மாற்றும் விதிப்படி, அந்தக் குறையை வேறொன்று ஈடுசெய்ய வேண்டும். கட்டுப்பாட்டு அறையின் இரட்டைச் சரிபார்ப்பு, திசை உறுதிசெய்தல், வேக வரம்பு போன்றவை அதற்காகத்தான் இருக்கின்றன. தனி ஒருவரின் கவனத்தை மட்டும் நம்பி ஓர் ஏற்பாடு நிற்கக் கூடாது.

மாணவர்களும் பெற்றோரும் அறிய வேண்டியது

ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் மற்ற உயர்கல்விக் கூடங்களிலும் கணினித் துறையில் சேரும் நம் பிள்ளைகள் பலர், நிரல் எழுதக் கற்றுக்கொண்டால் போதும் என்று நினைக்கிறார்கள். நிரல் எழுதும் வேலையில் பெரும்பகுதியை இன்று கணினியே செய்யத் தொடங்கிவிட்டது. அந்த நிரல் எதை எதிர்பார்க்கிறது, எதற்கு உத்தரவாதம் தருகிறது என்று தெளிவாக எழுதவும், அதை நிரூபிக்கவும் தெரிந்தவரின் தேவை அதனால் குறையவில்லை, கூடியிருக்கிறது. யாரோ எழுதிய, ஏதோ எழுதிய நிரலை ஓர் இரயிலுக்குள் வைக்கலாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் அவர்தான். இதற்கு வேண்டியது தருக்கமும் கணிதமும். பள்ளிப் பருவத்திலேயே 'விடை என்ன?' என்பதோடு நிற்காமல் 'எந்த நிபந்தனையில் இந்த விடை சரி?' என்று கேட்கப் பழக்கினால் பாதிக் கிணறு தாண்டியதாகும்.

கணினி படிக்காதவர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பொதுப் போக்குவரத்தானாலும் மருத்துவமனைக் கருவியானாலும், 'ஒவ்வொரு பாகமும் சோதிக்கப்பட்டது' என்ற பதிலோடு நாம் திருப்தி அடைந்துவிடக் கூடாது. ஒன்றோடு ஒன்று எதை எதிர்பார்க்கிறது என்று எழுதப்பட்டிருக்கிறதா? ஒன்று பழுதானால் மற்றது என்ன செய்யும்? பாகத்தை மாற்றினால் யார் மறுபடியும் சரிபார்ப்பார்? இந்த மூன்று கேள்விகளையும் கேட்கப் பொறியாளர் பட்டம் தேவையில்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள் இவற்றைக் கேட்டுப் பழகினால், பதிலை முன்கூட்டியே எழுதிவைக்கவும் பழகுவார்கள்.